காற்றுக்கு இட்ட தாழ்

சாளரத்துக்குத் தமிழில் காலதர் என்று ஒரு பழம்பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அச்சொல்லின் பொருள். நம் முன்னோர் வீட்டைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து அப்பெயரிலேயே புலப்படுகிறது. வெப்பம் மிகுந்த நாட்டில் வாழ்வோர்க்குக் காற்று ஒரு விருந்தாளி. இன்றும் வாடகைக்கு வீடு பார்க்கச் சென்றால், 'காற்று வருமா?' என்று கேட்ட பின்னரே வாடகையைக் கேட்கிறோம். குளிர்நாட்டாருக்கோ அதே காற்று ஒரு கள்வன். அவர்கள் விறகையும் நிலக்கரியையும் எரித்து ஈட்டிய வெப்பத்தைக் கதவிடுக்கின் வழியே களவாடிச் செல்பவன். அக்கள்வனைப் பிடிக்க மனிதர் செய்த முயற்சியின் வரலாற்றை இன்று சிறிது காண்போம். அது நமக்குத் தொடர்பற்ற கதை அன்று என்பது முடிவில் விளங்கும்.

நம் நாட்டின் வடகோடியிலேயே இக்கதையின் ஓர் ஏடு இருக்கிறது. காசுமீரத்துப் பழைய வீடுகளில், சிறுசிறு மரச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த பின்னல் சாளரங்களைக் காணலாம். கோடையில் அவற்றின் வழியே காற்றும் ஒளியும் தாராளமாக வரும். பனிக்காலம் நெருங்கியதும் வீட்டார் அப்பின்னலின்மீது காகிதத்தை ஒட்டிவிடுவர். 1895இல் வெளிவந்த காசுமீரப் பள்ளத்தாக்கைப் பற்றிய தம் நூலில், வால்டர் லாரன்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி இவ்வழக்கத்தைக் குறித்திருக்கிறார். கண்ணாடி பரவலாகாத காலத்தில், வெளிச்சத்தை அனுமதித்துக் காற்றைத் தடுக்க இதனினும் எளிய வழி வேறில்லை. வேண்டும்போது அடைத்து, வேண்டாதபோது திறக்கும் அறிவு அதில் இருந்தது.

மேலை நாடுகளில் இச்சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. அங்கே வீட்டுக்கு வெப்பம் தந்த கணப்பே வீட்டைக் குளிரச் செய்தது என்றால் வியப்பாக இருக்கும். திறந்த கணப்பில் தீ எரியும்போது சூடான காற்று புகைபோக்கி வழியே மேலே செல்கிறது. அதன் இடத்தை நிரப்ப, வெளியிலுள்ள குளிர்காற்று ஒவ்வொரு வெடிப்பிலும் இடுக்கிலும் நுழைகிறது. கணப்பின் முன் அமர்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்கிளின் 1744இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில் இக்குறையை விளக்கி, தாம் அமைத்த புதுவகை அடுப்பை மாற்றாகக் கூறினார். நோயின் காரணம் அன்றே அறியப்பட்டுவிட்டது. ஆயினும் எரிபொருள் மலிவாகக் கிடைத்த காலம் முழுவதும் அதைப் பெரிதாகக் கருதியவர் சிலரே. ஓட்டைக் குடத்தில் நீர் நில்லாது என்பது தெரிந்தும், கிணறு அருகிலிருந்தால் குடத்தை மாற்ற யாருக்கு மனம் வரும்?

அக்கிணறு 1973இல் தூர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மேற்காசியாவில் மூண்ட போரை அடுத்து, அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதைக் கட்டுப்படுத்தின. சில திங்களுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. வடநாடுகளின் எளிய குடும்பங்களுக்கு, உணவா கணப்பா என்னும் கேள்வி எழுந்தது. ஏழைகளின் வீடுகளைக் குளிருக்கு எதிராகச் செப்பனிடும் திட்டம் ஒன்றை அமெரிக்க அரசு 1976இல் சட்டத்தின் மூலம் தொடங்கியது. தச்சர்கள் கதவுகளுக்கும் சாளரங்களுக்கும் பட்டை ஒட்டினர்; வெடிப்புகளில் பசை பூசினர். ஆனால் எந்த ஓட்டை பெரியது என்பதை அறிந்து செய்தார்களா?

இங்கேதான் நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பு வரலாற்றில் இடம் பெறுகிறது. அங்கே ஒரே அமைப்பில் வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 1972 முதல் ஆராய்ந்து வந்தனர். ராபர்ட் சோக்கலோ அவ்வாராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். ஒரே மாதிரியான வீடுகளிலும் ஒரு வீட்டார் எரித்த எரிவாயு மற்றொரு வீட்டார் எரித்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதை அவர்கள் கண்டனர். அதைவிட வியப்பு, கூரைக்கு அடியிலுள்ள பரணில் காத்திருந்தது. பரணின் தரையில் வெப்பக்காப்பு இடப்பட்டிருந்தது. அவ்வாறிருக்கப் பரண் குளிர்ந்து கிடக்க வேண்டும். அதுவோ கணக்குக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தது.

கௌதம் தத், ஜான் பேயா, ஃபிராங்க் சிண்டன் ஆகியோர் இப்புதிரை ஆராய்ந்தனர். கண்ணுக்குத் தெரியும் கதவும் சாளரமும் முதற்குற்றவாளிகள் அல்ல என்பது வெளிப்பட்டது. கீழ்த்தளத்து உலையிலிருந்து மேலே செல்லும் புகைக்குழாயைச் சுற்றி விட்டிருந்த இடைவெளியும், வீடுகளுக்கு இடையிலான பொதுச்சுவர்க் கற்களின் உட்புழைகளும் மறைவான சுரங்கங்களாகியிருந்தன. சூடான காற்று அவற்றின் வழியே ஏறி, வெப்பக்காப்பைத் தொடாமலே பரணை அடைந்தது. வாயிலில் காவல் வைத்தாயிற்று. கள்வனோ சுவருக்குள்ளேயே நடந்து கொண்டிருந்தான். அந்தப் புழைகளை அடைத்து, மேல்தளத்தில் காப்பைப் பெருக்கி, சாளரங்களுக்கு மறைப்பும் அமைத்தபோது, சோதனைக்கு எடுத்த ஒரு வீட்டில் வெப்பத்தின் தேவை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. நன்றாகக் கட்டிய புதிய வீட்டிலேயே இந்நிலை என்றால், மரம் சுருங்கிக் காரை உதிர்ந்த பழைய வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

மறைந்த ஓட்டையைக் கண்டறிய ஒரு கருவி வேண்டியிருந்தது. அது ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்தது. 1970களில் அந்நாட்டார் ஒரு மின்விசிறியைச் சாளரத்தில் பொருத்தி வீட்டைச் சோதித்தனர். பின்னர் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர் அதை வாயிற்கதவின் இடத்தில் பொருத்தும்படி அமைத்தனர். விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல், அதாவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம், குறையும்வரை அதை ஓட்டுவர். அந்நிலையைக் காக்க ஒரு மணி நேரத்தில் எத்தனை வீடளவு காற்றை விசிறி வெளியேற்ற வேண்டியிருக்கிறதோ, அதுவே வீட்டின் கசிவு எண். அப்போது ஓர் ஊதுவத்தியை ஏந்திச் சுவரோரமாக நடந்தால், அதன் புகை வளைந்து ஒவ்வோர் ஓட்டையையும் காட்டிவிடும். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்ற செயல் இது. இச்சோதனை செய்தோரை 'வீட்டு வைத்தியர்' என்றே அழைத்தனர்.

இக்கருவியின் துணையால் பழைய வீட்டை எவ்வளவு திருத்தலாம் என்பதைக் கனடா நாட்டு அறிஞர்கள் காட்டினர். 1982இல் சாஸ்கட்டூன் நகரில் ஒரு சாதாரண ஒற்றைத்தள வீட்டை ஹெரால்டு ஓரும் அவர் குழுவினரும் எடுத்துக் கொண்டனர். கூரையின் தாழ்வாரங்கள் வெளியே நீண்டிருந்ததால் வீட்டை முழுமையாகப் போர்த்த முடியவில்லை. எனவே அவற்றை இயந்திர வாளால் அறுத்தெறிந்தனர்! சுவரையும் கூரையையும் ஒரே பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன்மேல் காப்பும் புதுப்பூச்சும் இட்டனர். முன்பு 2.95 ஆக இருந்த கசிவு எண் 0.29 ஆகக் குறைந்தது.

பத்தில் ஒரு பங்காகக் குறைந்த அக்கசிவைக் கண்டு மகிழும்போதே ஓர் அச்சமும் எழுகிறது. காற்றை முற்றிலும் அடைத்த வீட்டில் மனிதர் மூச்சுவிடுவது எங்ஙனம்? சமையலின் ஈரம், உலையின் நச்சுப்புகை, மனிதரின் மூச்சு எல்லாம் எங்கே போகும்? முன்னெச்சரிக்கையின்றி இடுக்குகளை அடைத்த வீடுகளில் சுவர்கள் பூஞ்சணம் பிடித்தன. இதற்கும் கனடாவே விடை கண்டது. 1977இல் ரெஜினா நகரில் கட்டிய சோதனை வீட்டில், வெளியேறும் சூடான காற்றையும் உள்ளே வரும் குளிர்காற்றையும் மெல்லிய தடுப்பின் இருபுறமும் ஓடச் செய்தனர். காற்றுகள் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறது. போகின்ற காற்று தான் கொண்ட செல்வத்தை வாயிலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறது எனலாம். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எழுந்த வீடுகளும் இவ்வழியையே பின்பற்றின.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். காசுமீரத்தில் குளிர்காலந்தோறும், மூடிய அறையில் கணப்பை மூட்டி உறங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவால் மாண்ட துயரச் செய்திகள் வருகின்றன. வெப்பத்தைக் காக்க அடைத்த அறை உயிரைக் காக்கத் தவறிவிட்டது. அறைக்குள் தீ எரியுமானால் புகை வெளியேறவும் புதுக்காற்று நுழையவும் வழி இருந்தே ஆக வேண்டும்.

சமவெளி நகரங்களிலோ கதை தலைகீழாக நிற்கிறது. காற்றை வரவேற்கக் கட்டிய பழைய வீடுகளில் இன்று குளிர்சாதனம் பொருத்துகிறோம். குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு ஊர்ந்து கதவின் அடியிடுக்கு வழியே வெளியேறும். மேலே திறந்திருக்கும் புழையின் வழியே வெப்பக்காற்று அதன் இடத்தைப் பிடிக்கும். இயந்திரம் ஓடிக் கொண்டே இருக்கும். மின்கட்டணம் ஏறிக் கொண்டே போகும். கதவடியில் ஒரு பட்டையும், புழைக்குத் திறந்து மூடும் கதவும் அமைத்தால் பயன் உண்டு. ஆயின் சுவரில் மாட்டும் வழக்கமான குளிர்சாதனம் அறைக்காற்றையே சுழற்றுகிறது, வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. ஆதலின் இயந்திரம் நின்றதும் சாளரங்களைத் திறந்துவிடுதல் வேண்டும். பனிக்காலத்தில் ஒட்டிய காகிதத்தை வேனிலில் கிழித்தெறிந்த காசுமீரத்து இல்லத்தார் இதனை நன்கு அறிந்திருந்தனர்.