மணிக்கட்டின் அளவு

கைக்கடிகாரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனுள்ளே ஓடும் சக்கரங்களைப் பற்றியே எழுதுகின்றனர். அதைக் கையோடு பிணைத்து வைக்கும் உலோகச் சங்கிலி, நம் கடைவீதி வழக்கில் 'செயின்', அவர்கள் கண்ணில் படுவதில்லை. நாம் இங்கே அந்தச் செயினைக் கைக்குப் பொருத்தும் சிக்கலைச் சற்றுப் பார்ப்போம்.

மணிக்கட்டுக்கு ஒரே அளவு கிடையாது. குளிர்ந்த காலையில் ஒடுங்கியிருப்பது வெயில் ஏறியதும் சற்றே புடைக்கிறது. 1914-18 போரின் பதுங்குகுழிகளில் ஆண்களிடையே கைக்கடிகாரம் பரவியபோது அதைத் தாங்கியது தோல்வார். வியர்வையிலும் சேற்றிலும் அது இற்றுப்போகும்; ஆனால் ஒரு துளை தள்ளி மாட்டிக்கொள்ள யார் தயவும் வேண்டியதில்லை. கண்ணிகளால் ஆன உலோகச் செயின் வந்ததும் அந்த உரிமை பறிபோயிற்று. கண்ணியைக் கழற்ற, உட்புறம் பொறித்துள்ள அம்புக்குறியின் திசையில் ஊசியைத் தட்டி வெளியேற்ற வேண்டும். பூட்டு மணிக்கட்டின் அடியில் நடுவே அமையுமாறு இருபுறமும் பார்த்துக் குறைக்க வேண்டும். அரைக் கண்ணியளவு தளர்வு வேண்டுமானால் பூட்டின் விளிம்பிலுள்ள சிறு துளைகளே கதி. கடைக்காரர் அளந்த அந்த நேரத்துக் கையே ஆண்டு முழுவதற்குமான கையாகிவிடுகிறது.

இதற்கொரு நல்ல விடை ஜெர்மனியின் ஃபோர்ஸ்ஹைமில் பிறந்தது. 1767இல் பாடன் நாட்டின் ஆட்சியாளர் கார்ல் ஃபிரெட்ரிக் அங்கிருந்த அநாதை இல்லத்தில் தொடங்கிவைத்த கடிகார, நகைத் தொழிலால் 'பொன்னகரம்' எனப் பெயர் பெற்ற ஊர் அது. 1945 பிப்ரவரி 23 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலாக அதன்மீது குண்டு பொழிந்தன. 17,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகைப்பட்டறைகளில் போர்க்கருவிகளுக்கான நுண்பாகங்கள் செய்யப்படுவதாகக் காரணம் கூறப்பட்டது. இடிபாடுகளைக் கொண்டுபோய்க் கொட்டிய வால்பெர்க் குன்று இன்றும் ஊரின் ஓரத்தில் நிற்கிறது.

அதே ஊரின் ரோடி-வீனன்பெர்கர் நிறுவனம் 1950களில் 'ஃபிக்ஸோஃபிளெக்ஸ்' என்ற செயினை உலகெங்கும் பரப்பியது. மேலும் கீழுமாக இரு வரிசைக் குழல்கள். அவற்றைப் பக்கவாட்டில் இணைக்கும் வளைந்த கொக்கிகள். ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு தகட்டுச் சுருள். இழுத்தால் கொக்கிகள் தகட்டை எதிர்த்துச் சாய்கின்றன, விட்டால் தகடு அவற்றை மீட்கிறது. பூட்டும் இல்லை, துளையும் இல்லை. கை புடைத்தால் செயினும் விரியும். அமெரிக்காவில் பிராவிடென்ஸ் நகரின் ஸ்பைடெல் நிறுவனம் 1959இல் 'ட்விஸ்ட்-ஓ-ஃபிளெக்ஸ்' என்று விற்றதும் இவ்வகைதான். அதன் விளம்பரங்களில் செயினை முடிச்சே போட்டுக் காட்டினர். அந்தக் குடும்பத்தின் வேர்களும் ஃபோர்ஸ்ஹைமிலேயே உள்ளன.

கை மயிரைக் கவ்வி இழுக்கும் அதன் கெட்ட குணத்தை அணிந்தவர் அறிவர். சேகரிப்பாளர்கள் அதை மலிவுச் சரக்கென்று ஒதுக்குவது மட்டும் நமக்கு ஏற்புடையதாகப் படவில்லை. விலையுயர்ந்த கடிகாரங்கள் அணிபவர் கைக்கே அந்த வசதியைத் திருப்பித் தர வெகுகாலம் பிடித்தது. ரோலெக்ஸ் 2008இல் ஆழ்கடல் கடிகாரமொன்றில், கருவியின்றி 2 மி.மீ. படிகளில் நகரும் பூட்டைப் பொருத்தியது. 2015இல் வந்த ஆப்பிள் கைக்கடிகாரத்தின் உலோகச் செயினில், பொத்தானை அழுத்தினாலே கண்ணி விரலோடு கழன்று வந்தது.