கிஸ்தியும் குடிசை வரியும்

பரமத்தி வேலூர்ப் பக்கம் ராஜவாய்க்கால் கரையோடு நடந்து போனால், ஏதாவது ஓரிடத்தில் வெல்லம் காய்ச்சும் வாசனை வந்து ஆளை நிறுத்திவிடும். என்னையும் ஒரு நாள் நிறுத்தியது. கொட்டகையில் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு டம்ளர் கருப்பஞ்சாறு கொடுத்து உட்காரச் சொன்னார். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கரும்புக்கே திரும்பியது.

"எங்க பாட்டனுக்கு மூத்தவரு ஒருத்தரு கரும்பு வெட்டறேன்னு கப்பலேறிப் போனாருங்க. நேட்டாலோ என்னமோ சொல்லுவாங்க. போனவரு போனவருதான்" என்றார். சற்றுப் பொறுத்து என்னையே கேட்டார்: "ஏனுங்க, கரும்பு இங்கேயே இருக்கையிலே அங்கே எதுக்குப் போகோணும்? அந்த ஊர்ச் சனம் கரும்பு வெட்டாதுங்களா?"

இரண்டு கேள்விகள். இரண்டும் சாதாரணக் கேள்விகள்தாம். ஆனால் ஐரோப்பியர் ஆப்பிரிக்காவை ஆண்ட கதையும், நம் சேலம் சீமையை ஆண்ட கதையும் அவற்றுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் நேட்டாலை ஆங்கிலேயர் 1843-ல் தங்கள் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். கரும்பு அங்கே நன்றாக வந்தது. தோட்டம் போட்டார்கள், ஆனால் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆள் இல்லாமல் இல்லை. சூலு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாகச் சோளக்காடு இருந்தது, மாடு இருந்தது. பிறகு எதற்காக இன்னொருவன் தோட்டத்தில் விடிந்தது முதல் இருட்டும் வரை முதுகு ஒடிய வேண்டும்? வெள்ளைக்காரத் துரைகள் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தார்கள். தன் நிலத்தை உழுகிறவனைச் சோம்பேறி என்று சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும்!

அதற்கு மருந்தும் கண்டுபிடித்தார்கள். 1849-ல் குடிசை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏழு ஷில்லிங் வரி போட்டார்கள். சர்க்காருக்கு வருமானம் ஒரு பக்கம். வரிக்குக் காசு தேடிக் குடியானவன் கூலிக்கு வருவான் என்ற கணக்கு மறு பக்கம். ஆனால் சூலுக்கள் மாட்டையும் தானியத்தையும் விற்று வரியைக் கட்டிவிட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வேண்டிய அளவு ஆள் சேரவில்லை. அப்போதுதான் துரைமார்களின் கண் கடல் தாண்டிச் சென்னை ராஜதானியின் மேல் விழுந்தது.

இனி முதல் கேள்வி. நம் ஆள் ஏன் போனான்?

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வாள் உறைக்குள் போனதும் அளவுச் சங்கிலி வெளியே வந்தது. காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவர், தாமஸ் மன்றோ முதலிய உதவியாளர்களோடு இந்தச் சீமையை வயல் வயலாக அளந்தார். பின்னாளில் சென்னை ராஜதானி முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை பிறந்த இடம் இதுதான். மன்றோ நல்லவர், குடியானவர்களிடம் பிரியமுள்ளவர் என்று சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் நல்லவர் அளந்தாலும் நிலம் கணக்கில் ஏறிவிட்டது. பிறகு சீமையை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் போட்டார்கள். பல மிட்டாதார்கள் பணம் கட்ட முடியாமல் முழுகிப் போனார்கள். மாறாதது ஒன்றுதான்: தவணை வந்தால் கிஸ்தி ரொக்கமாக வேண்டும். மானம் பொய்க்கலாம், கிணறு வற்றலாம், தவணை தவறாது.

1876-ல் மானம் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றைக்கும் நம் பக்கத்துப் பாட்டிமார் சொல்லும் பஞ்சம் அதுதான். மழையைத் துரைகளா நிறுத்தினார்கள் என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் சேலத்துக்கு ரயில் வந்து சுமார் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தானியம் கொண்டுவர வழி இருந்தது. வாங்கத்தான் கையில் காசு இல்லை. நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் துரை தீர்மானித்தார். சென்னையில் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று மனிதன் வேலை செய்ய முடியாது என்று வாதாடினார். அதே 1877-ஆம் வருஷப் பிறப்பன்றுதான் டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள்.

1871-ல் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் எண்ணியபோது 16 லட்சம். குறைந்தவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போனார்கள். சிலர் கப்பலுக்குள் போனார்கள்.

முதல் கப்பல் அதற்கு முன்பே போய்விட்டது. 'ட்ரூரோ' என்ற அந்தக் கப்பல், சென்னையில் ஏற்றிய சுமார் 340 பேரோடு 1860 நவம்பர் 16-ந் தேதி டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. நடுவில் சில ஆண்டுகள் நின்றிருந்த ஆள்பிடிப்பு 1874-ல் மறுபடி தொடங்கியது. இரண்டே வருஷத்தில் பஞ்சம் வந்து ஆள்கட்டிகளின் வேலையைச் சுலபமாக்கிவிட்டது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், சோறு, தங்க இடம். பசித்தவனுக்கு இது சொர்க்கத்தின் விலாசம் போலத்தான் கேட்டிருக்கும். 1911-ல் இந்த ஏற்றுமதி நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நேட்டாலுக்குப் போனார்கள். கப்பல் பதிவேடுகளில் வட ஆற்காடு, செங்கல்பட்டு என்ற பெயர்களோடு சேலம் என்ற பெயரும் இருக்கிறது.

ஆக, சூலுவைக் கூலியாக்கக் குடிசை வரி. நம்மவனைக் கூலியாக்கக் கிஸ்தியும் பஞ்சமும். பூட்டு வேறு, சாவி ஒன்று. 1884-85-ல் ஐரோப்பிய ராஜ்யங்கள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதற்கு விதிமுறை வகுத்தபோது, ஓர் ஆப்பிரிக்கனைக்கூட அந்த மேஜைக்கு அழைக்கவில்லை. நாகரிகத்தைக் கொடுக்கப் போகிறோம் என்றார்கள். கொடுத்தது ரசீது புத்தகம்.

அந்தச் சாவி பிறகு நம்மவர்கள் மேலும் திரும்பியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி கூலியாகவும் சேராமல் இருப்பவன் வருஷத்துக்கு மூன்று பவுன் கட்டவேண்டும் என்று 1895-ல் சட்டம் வந்தது. மூன்று பவுன் என்பது புதுக் கூலியின் ஆறு மாதச் சம்பளம்! 1906-ல், தலைக்கு ஒரு பவுன் வரியை எதிர்த்து சூலுத் தலைவர் பம்பாதா கலகம் செய்தார். மூவாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1913-ல் மூன்று பவுன் வரியை எதிர்த்து நம் தோட்டக் கூலிகளும் சுரங்கக் கூலிகளும் காந்தியடிகளின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில் உயிரை விட்டாள். 1914-ல் வரி ஒழிந்தது. ஆனால் நம்மவர்கள் போராடிய அந்த 1913-லேயே, ஆப்பிரிக்கருக்கு நிலத்தில் ஏழு சதவிகிதத்தை மட்டும் ஒதுக்கி ஒரு சட்டம் வந்தது.

இங்கே நாம் கொஞ்சம் தலை குனிய வேண்டியிருக்கிறது. ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்ட இரண்டு மாடுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. எங்களை ஆப்பிரிக்கரோடு சேர்த்து நடத்தாதே என்று கேட்டவர்கள் நம்மிலே இருந்தார்கள். ஆரம்ப நாட்களில் காந்தியடிகளே அப்படி எழுதியவர்தாம். 1906 கலகத்தில் காயம்பட்ட சூலுக்களுக்குக் கட்டுப் போட்டபோது அவர் மனம் கலங்கியது. 1947-ல் டாக்டர் சூமா, டாக்டர் தாதூ, டர்பன் டாக்டர் நாயக்கர் மூவரும் ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து உழைப்பதென்று ஒப்பந்தம் செய்தார்கள். ஆனால் 1949 ஜனவரியில், ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரம் டர்பனில் 142 உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் ஆப்பிரிக்கரும் உண்டு, இந்தியரும் உண்டு. அந்நிய ஆட்சியின் விளைவுகளில் மிகக் கொடியது எது என்று கேட்டால், நான் வரியைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். நிலத்தைப் பறித்தவனை விட்டுவிட்டுப் பக்கத்துக் குடிசைக்காரனைப் பகைக்கக் கற்றுக்கொடுத்தார்களே, அதை.

அந்தப் பெரியவரை மறுபடி பார்க்க நேர்ந்தால் இதைத்தான் சொல்ல எண்ணியிருக்கிறேன்: "ஐயா, அந்த ஊர்ச் சனம் கரும்பு வெட்டாமல் இல்லை, அடுத்தவனுக்காக வெட்ட மாட்டேன் என்றது. உங்கள் பாட்டனுக்கு மூத்தவருக்கு அப்படிச் சொல்ல ஒரு குழி நிலம் இல்லாமல் போய்விட்டது."

அவர் கொப்பரையைக் கிளறிக்கொண்டே, "அந்தச் சனம் சொன்னது நாயந்தானுங்களே" என்பார். அந்த ஒரு வார்த்தையை டர்பனில் நம்மவர்கள் வேளையோடு சொல்லியிருக்கலாம்.