நல்ல பருவத்தை நம்பிக் கட்டின மாளிகை

“உங்கட தலைமுறைக்குக் காசின்ர அருமை தெரியாது.”

வீட்டில மாசத்துக்கு ஒருக்காவாவது இதைக் கேட்காத ஆள் எங்கட கூட்டத்தில இல்லை. போனுக்கு டேட்டா போட்டால் கேட்கிறோம். பஸ் ஸ்ராண்டில ஒரு ரோல்ஸ் வாங்கினால் கேட்கிறோம். கம்பஸ் லீவுக்கு மன்னாருக்கு வந்து இறங்கினால், பையைத் திறக்க முதலே கேட்கிறோம்.

அதில உண்மையும் இருக்கு, மறைக்க ஏலாது. தவணைக் காசுக்குப் போன் எடுத்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஆனால் பெரியவர்களும் சும்மா இல்லை. வலை நல்லாப் பிடிச்ச வருசம் பார்த்து சாமத்தியவீடு வைப்பார்கள். மண்டபம், வீடியோ, ட்ரோன், நாலு வகைக் கறி. அடுத்த வருசம் மீன் படாது. நகை அடகுக்குப் போகும். நல்ல பருவத்தை நம்பிச் செலவு செய்துவிட்டு, கெட்ட பருவத்தில் கடன் கட்டுவது எங்கட கரையில் புதுக்கதை இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. வீட்டுக் கணக்கை இவ்வளவு கறாராகப் பார்க்கிற நாங்கள், அரசாங்கத்தின் கணக்கை எப்போதாவது அப்படிப் பார்த்திருக்கிறோமா? அதைப் பார்க்க, மன்னார்ப் பாலத்தைத் தாண்டித் தெற்கே, அரிப்புக்குப் போக வேண்டும்.

அரிப்புக் கடற்கரையில், கடல் அரித்துத் தின்னுகிற ஒரு மண்மேட்டில், இடிந்த செங்கல் சுவர்கள் சில நிற்கின்றன. ஊர்ச்சனம் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எங்களையும் அங்கே கூட்டிப்போய், அல்லிராணி ஆண்ட இடம் என்றுதான் சொன்னார்கள். உண்மையில் அது ஒரு ஆங்கிலேயர் கட்டின மாளிகை. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது. கிரேக்கப் பாணித் தூண்கள் வைத்ததால் ‘டோரிக்’ என்று பெயர். சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு பூசி, பளிங்குபோல மினுக்கினார்களாம்.

ஏன் அந்த வெயில் கொளுத்துகிற வெளியில் ஒரு ஆளுநர் மாளிகை? முத்துக்குளிப்பைப் பார்வையிட. அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டிக் கரைக்கு நேரே கடலுக்குள் முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. ஒல்லாந்தரிடமிருந்து கரையைப் பிடித்த கையோடு 1796, 1797, 1798 என்று மூன்று வருடமும் ஆங்கிலேயர் விடாமல் குளிப்பித்தார்கள். பெரும் பணம் வந்தது. பிறகு பார்கள் இளைத்துப்போயின. வருடா வருடம் குளித்தால் சிப்பி முற்றாது என்பது கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த விசயம்.

முத்துக்குளிப்பு எல்லா வருடமும் நடக்காது. நடக்கிற வருடத்திலும் கடல் அமைதியாக இருக்கிற மாசி, பங்குனியை ஒட்டிய சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களுக்காகத்தான் அந்த மாளிகை. கடந்துபோன நல்ல பருவம் திரும்பத் திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் எழுந்த கட்டடம் அது.

அந்தப் பணத்தை உழைத்துக் கொடுத்தது யார்? காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரு நிமிசத்துக்கு மேல் மூச்சை அடக்கி, கடலடிக்குப் போய்க் கூடையில் சிப்பி அள்ளினவர்கள். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்திலிருந்தும் எங்கட கரையிலிருந்தும் அரபுநாட்டுப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த முறைப்படி, அள்ளின சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கை அன்றன்றே பின்னேரம் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போட்டார்கள். குளித்தவர் தன் பங்கைக் கரையிலேயே வியாபாரிகளுக்கு விற்றுவிடுவார். சிப்பிக்குள் முத்து இருக்கா இல்லையா என்பது வாங்கினவன் அதிர்ஷ்டம். சுறாவும் காது வலியும் குளித்தவருக்கு.

அடுத்த கணக்கு நூறு வருடம் கழித்து வருகிறது. 1891க்குப் பிறகு பன்னிரண்டு வருடம் முத்துக்குளிப்பே இல்லை. 1903இல் பார்கள் மறுபடி நிறைந்தன. 1905இல் வரலாறு காணாத விளைச்சல்: எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி, அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம். மரிச்சுக்கட்டியில் ஓலைக்கொட்டிலால் ஒரு நகரமே எழும்பியது. அந்த உச்சத்தைப் பார்த்து லண்டனில் ஒரு கம்பனி உண்டாகியது. ஆளுநர் ஹென்றி பிளேக்கின் அரசாங்கம், வருடத்துக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு 20 வருடம் முத்துப்பார்களை 1906இல் அந்தக் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது.

ஒரு நல்ல வருடத்தைப் பார்த்து இருபது வருடத்துக்குக் கணக்குப் போட்டார்கள். என்ன நடந்தது? ஓரிரு வருடத்திலேயே பார்கள் வெறுமையாகின. கம்பனி 1912இல் முறிந்தது. 1925க்குப் பிறகு சொல்லும்படியான முத்துக்குளிப்பு எங்கட கடலில் நடக்கவில்லை. இன்றைக்கு சிலாபத்துறைக்குப் போய் முத்து எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஆங்கிலேயர் போன பிறகாவது இந்தப் பழக்கம் மாறியதா? 1950இல் கொரியப் போர் தொடங்க, உலகச் சந்தையில் ரப்பர் விலை ஏறியது. இலங்கைக் கஜானா நிறைந்தது, செலவும் ஏறியது. போர்ச்சந்தை தணிய ரப்பர் விலை இறங்கியது. வெளியில் வாங்குகிற அரிசியின் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன என்ன செய்தார்? பங்கீட்டு அரிசி விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பள்ளிப்பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இப்போது எங்கட காலத்துக்கு வருவோம். 2009க்குப் பிறகு போர் முடிந்த வேகத்தில் பொருளாதாரம் நன்றாக ஏறினது. நல்ல பருவம். டோரிக் மாளிகையைப் போலவே கட்டடங்கள் எழும்பின. 2013இல் மத்தளையில் சுமார் 20 கோடி டொலர் செலவில், பெரும்பகுதி சீனக் கடனில், ஒரு விமான நிலையம் திறந்தார்கள். விமானம் வரவில்லை. ஒரு கட்டத்தில் அதன் சரக்குக் கட்டடங்களில் நெல் மூட்டை அடுக்கினார்கள். 2019 கடைசியில், புதிதாக வந்த அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டியது. வருமானம் விழுந்தது. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை. கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே வயல் செய்கிற எங்கட சனம் உரமில்லாமல் தவித்த நேரத்தில், சீனாவிலிருந்து ஒரு கப்பல் சேதன உரம் கொண்டுவந்தது. அந்த உரத்தில் கெட்ட கிருமி இருக்கென்று எங்கட அதிகாரிகளே திருப்பிவிட்டார்கள். கடைசியில் 2022 ஜனவரியில் அந்த உரத்துக்கு 67 லட்சம் டொலர் அளவில் கட்டினது இலங்கை. இந்த மண்ணில் ஒரு பிடிகூட விழாத உரத்துக்கு!

மூன்று மாதத்தில், 2022 ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று நாடு கைவிரித்தது.

அந்தக் கணக்கு மன்னார் வீடுகளுக்கு எப்படி வந்தது? மண்ணெண்ணெயாக வந்தது. எங்கட கரையில் சின்னப் படகுகளின் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவு வரைக்கும் லீற்றர் 87 ரூபாய். விடிய 340 ரூபாய். ஒரு தொழிலுக்கு 20 லீற்றர் எடுக்கிற படகு என்று வையுங்கோ: நேற்று 1,740 ரூபாய், இன்றைக்கு 6,800 ரூபாய். கடலுக்குப் போகாமல் இருப்பதே லாபம் என்ற நாட்களை நாங்கள் கண்ணால் கண்டோம். எங்களில் ஒருத்தியின் அப்பா வலையைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் இருந்த அந்தக் கிழமை, மஹாபொலக் காசு 5,000 வந்தது. அதை அவள் கம்பஸுக்குக் கொண்டுபோகவில்லை. அரிசி வாங்கினாள்.

அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமான் மட்டும் 94.9 வீதம். அதற்கு முதலே, மார்ச் 22ஆம் திகதி, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் 16 பேர் படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். அதில் ஆறு பேரைத் தனுஷ்கோடிக்குக் கிட்ட ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பியது. ஒரு கைக்குழந்தையோடு அவர்கள் அங்கே நின்றார்கள், இந்தியக் கடலோரக் காவற்படை வந்து ஏற்றும்வரை. எங்கட அம்மா அப்பாமார் குண்டுக்குப் பயந்து போன அதே கடல்வழி. இந்த முறை துரத்தினது விலை.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. நல்ல பருவத்தை நம்பி ஒரு வீடு அதிகமாய்ச் செலவழித்தால், அடுத்த வருசம் அந்த வீடு அடகு வைக்கிறது. நல்ல பருவத்தை நம்பி அரசாங்கம் அதிகமாய்ச் செலவழித்தால், அடுத்த வருசமும் அந்த வீடுதான் அடகு வைக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். நோர்த் மாளிகைக் கடனோடு வீட்டுக்குப் போகவில்லை. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், இந்தப் பொருளாதார வீழ்ச்சிக்கு கோத்தாபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும் சில உயரதிகாரிகளும் பொறுப்பு, மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களுக்கு 1,50,000 ரூபாய் வழக்குச் செலவு கொடுக்கச் சொன்னது. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த மிச்சக்காசு ஒருத்தருக்கும் திரும்பி வரவில்லை.

ஆகவே பெரியவர்களுக்குச் சொல்கிறோம்: நீங்கள் எங்களைக் கேட்பது சரி. சிக்கனம் வேண்டும். அடுத்த சாமத்தியவீட்டுக்கு ட்ரோன் வேண்டாம் என்று நாங்களும் சொல்கிறோம். ஆனால் ரோல்ஸுக்குக் கணக்குக் கேட்கிற அதே குரலில் மற்றக் கணக்கையும் கேட்க வேண்டும். ஏனென்றால் அடுத்த பருவம் ஏற்கெனவே வந்துவிட்டது. அது காற்றுப் பருவம்.

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 2020இலிருந்து 30 காற்றாலைகள் சுற்றுகின்றன, 103.5 மெகாவொட். 2024இல் மன்னாருக்கும் பூநகரிக்கும் சேர்த்து 484 மெகாவொட்டுக்கு அதானி கம்பனியோடு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று விலை பேசினார்கள். எவ்வளவு காலத்துக்குத் தெரியுமா? 20 வருடம். மரிச்சுக்கட்டி முத்துக்குப் போட்ட அதே இருபது. அடுத்து வந்த அரசாங்கம் விலையைக் குறைக்கக் கேட்க, 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிவிட்டது. ஆனால் காற்று போகவில்லை, இன்னொருவர் வருவார். காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை தீவுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. அதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. ஒரு விசயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்று: விலை என்ன, எத்தனை வருடம், நட்டம் வந்தால் யார் தலையில் என்பதைக் கையெழுத்து வைக்க முதலே நாங்கள் பார்க்க வேண்டும்.

பார்க்க வழி இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் வெளியில் கிடக்கு. 1905இல் மூச்சடக்கிக் குளித்தவருக்கு இதில் ஒன்றும் இருக்கவில்லை. கரையில் எண்ணி எடுக்கிறவன் சொன்னதுதான் கணக்கு.

போன லீவில் மறுபடி அரிப்புக்குப் போனோம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் வந்தபோது சாய்ந்து நின்றுகொண்டு படம் எடுத்த சுவரின் ஒரு துண்டு மணலில் கிடந்தது. கட்டினவர் கணக்கைக் கடல் முடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பி வருகிற பஸ்ஸில், கொப்பியின் பின்பக்கத்தில், எங்கட பிரதேச சபைக்கு முதலாவது விண்ணப்பத்தை எழுதினோம்: கடந்த மூன்று வருடம் எங்கட வீதிக்கு ஒதுக்கின காசு எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு. சின்னக் கேள்விதான். நீங்களும் உங்கட ஊருக்கு ஒன்று எழுதுங்கோ. முத்திரைக் காசு வீட்டில கேட்டால், எதுக்கென்று சொல்லிக் கேளுங்கோ.