தேகமா, யாக்கையா?

தனித்தமிழ் இயக்கத்தின் கதையைச் சொல்ல வருபவர்கள் 1916-ஆம் ஆண்டுப் பல்லாவரத்தை எட்டிப் பார்க்காமல் போக முடியாது. அப்போது சுவாமி வேதாசலம் என்று அறியப்பட்ட மறைமலையடிகள் தம் வீட்டுத் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு உலவிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு வயது பதின்மூன்று. பேச்சுக்கு நடுவே வள்ளலாரின் திருவருட்பாப் பாடல் ஒன்று வருகிறது. பாட்டில் உள்ள ‘தேகம்’ என்ற வடசொல்லுக்குப் பதிலாக ‘யாக்கை’ என்ற தமிழ்ச்சொல் நின்றிருந்தால் ஓசை இன்னும் இனித்திருக்குமே என்கிறார் தந்தை. அந்தப் பேச்சு வளர்ந்து, இனி இருவரும் பிறமொழிச் சொல் கலவாமல் பேசுவது, எழுதுவது என்ற முடிவில் போய் நிற்கிறது. அன்பர்கள் இதை ஓர் அவதாரக் காட்சியாகச் சொல்வார்கள். ஐயப்படுகிறவர்கள் வரலாற்றுக்குப் பூசிய சாந்து என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு சாராருமே நிகழ்ச்சியின் தன்மையைக் கவனிப்பதில்லை. படித்த நூலைப் பற்றி வீட்டுப் பெரியவர் பிள்ளையிடம் போகிறபோக்கில் சொன்ன கருத்து அது. தமிழில் இலக்கிய ரசனை பெரும்பாலும் அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. ஆனால் அச்சில் ஏறாத காரணத்தால் விமரிசன வரலாற்றில் அதற்கு இடமில்லை. பல்லாவரத்துப் பேச்சு தப்பிப் பிழைத்த அரிய சான்று என்பதும், இயக்கத்தின் பலமும் பலவீனமும் அந்தப் பேச்சின் சாயலிலேயே அமைந்தன என்பதும் என் வாதம்.

முதலில், அந்தக் கருத்து எவ்வளவு நுட்பமானது என்று பார்க்கலாம். பாட்டில் அந்தச் சொல் ‘தேகத்தை’ என்று வேற்றுமை ஏற்று நிற்கிறது. அங்கே ‘யாக்கையை’ என்று வைத்துப் பாடினால் நடை இடறாது. இரண்டும் நெடிலில் தொடங்குகின்றன. ஒற்றை நீக்கி எண்ணினால் இரண்டும் மூன்றெழுத்து. அடியின் எதுகையும் மோனையும் வேறு சொற்களில் விழுவதால் இந்த மாற்றம் அவற்றைத் தொடவும் இல்லை. உயிரும் உடலும் சேர்த்துப் பேசப்படும் இடத்தில், யாத்தல், அதாவது கட்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்த யாக்கை பொருளுக்கும் ஒரு படி நெருக்கம். யாப்பும் அதே வினையின் பிள்ளைதானே. வேறெந்தச் சொல்லை மாற்றப் போயிருந்தாலும் செய்யுள் கெட்டிருக்கலாம். கெடாத ஓரிடத்தில் விரல் வைத்தது தேர்ந்த செவி.

அந்தச் செவிக்குப் பின்னால் நீண்ட பயிற்சி இருந்தது. நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம் 1898-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். மாணவர்களுக்காக எழுதிய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில், செய்யுளின் சொற்களை அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்துக் கூட்டிப் பொருள் கொண்ட நச்சினார்க்கினியரையே கண்டித்தார். உரையாசிரியரைக் கண்டிக்கத் துணிந்தவர் வள்ளலாரையும் கண்டித்ததில் வியப்பென்ன என்று கேட்கலாம். இங்கேதான் கதை சுவையாகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவ உலகம் இரண்டுபட்டு நின்றபோது, நா. கதிரைவேற் பிள்ளையை எதிர்த்து அருட்பாக் கட்சிக்காக வாதாடியவர் இதே வேதாசலம். தாம் தொடங்கிய அமைப்புக்குச் சமரச சன்மார்க்க நிலையம் என்று வள்ளலாரின் சொற்களையே பெயராக வைத்தவர். மேடையில் அந்தப் பாடல்களுக்காகப் போராடியவர் மேடையில் இப்படி ஒரு திருத்தம் சொல்லியிருக்க முடியாது; எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். தோட்டத்தில், மகளிடம் சொல்ல முடிந்தது. வீட்டுப் பேச்சு கொடுக்கும் சுதந்திரம் அது.

பல்லாவரமும் அந்தச் சுதந்திரத்தின் ஒரு பகுதி. பட்டப்படிப்பில் தமிழுக்கு இருந்த இடம் சுருங்கியபோது அடிகள் 1911-இல் கல்லூரி வேலையை விட்டு, நகரத்துக்குத் தெற்கே ரயில் பாதையோரம் இருந்த இந்த ஊருக்குக் குடிவந்தார். இங்கே வீடே பள்ளி, நூலகம், அச்சுக்கூடம் எல்லாம். வகுப்பறையை இழந்த ஆசிரியருக்குப் பக்கத்தில் இருந்த மாணவர்கள் அவருடைய பிள்ளைகளே.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக் கூடியது. வடமொழித் துணையின்றித் தமிழ் தனித்து இயங்க வல்லது என்று கால்டுவெல் 1856-இலேயே எழுதிவிட்டார். சூரியநாராயண சாஸ்திரியார் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞன் என்று தமிழாக்கிக்கொண்டது அடிகளுக்கு முன்பு. 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. பார்ப்பனரல்லாதார் அறிக்கை டிசம்பரில் வந்தது. அப்படியிருக்க, ஒரு தோட்டத்துப் பேச்சா இயக்கத்தைப் பெற்றெடுத்தது? பெற்றெடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணங்கள் அங்கே, காலத்தில் இருந்தன. ஆனால் காரணம் வேறு, முறை வேறு. கால்டுவெல்லின் கருத்து மொழி வரலாறு பற்றியது. அதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. அரசியல் அறிக்கை கேட்டதோ வேலையும் இடமும். இந்தச் சொல்லை எடு, அந்தச் சொல்லை வை என்ற கைவேலையை, எந்த வீட்டிலும் எவரும் செய்யக்கூடிய ஒன்றைத் தந்தது பல்லாவரம். உடனே செய்தும் காட்டினார்கள். வேதாசலம் மறைமலை ஆனார். சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. ஞானசாகரம் என்ற இதழ் அறிவுக்கடல் ஆயிற்று. பிள்ளைகளில் மாணிக்கவாசகம் மணிமொழியாகவும் திரிபுரசுந்தரி முந்நகரழகியாகவும் மாறினர். திருநாவுக்கரசு தப்பினார். அவர் பெயர் முன்பே தமிழாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: பதின்மூன்று வயதுச் சிறுமி தந்தைக்குத் தலையாட்டியதை ‘இருவரின் முடிவு’ என்பது பெருமைப் பேச்சு இல்லையா? அந்த ஒரு மாலையை மட்டும் வைத்துப் பார்த்தால் பதில் சொல்ல முடியாது. பின்னால் நடந்ததை வைத்துச் சொல்லலாம். நிகழ்ச்சியை நமக்கு எழுதித் தந்தவரே நீலாம்பிகைதான். அவருடைய ‘தனித்தமிழ்க் கட்டுரைகள்’ 1925-இல் வந்தது. ஒரு பாட்டில் ஒரு சொல் என்று தந்தை தொடங்கியதை, ‘வடசொற்றமிழ் அகரவரிசை’ என்று அகராதியாகவே ஆக்கினார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் அவர்; ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் அந்த மாநாட்டில்தான் வழங்கப்பட்டது. தலையாட்டியவர் செய்யக்கூடிய வேலைகளாக இவை எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவதை மறுப்பு என்று சொல்வதைவிட என் குறை என்றே சொல்லலாம். செவி சொன்ன கருத்து சட்டமானபோது செவியை மறந்துவிட்டது. யாக்கையைத் தேர்ந்தது ஓசை. பிற்கால மாற்றங்கள் பலவற்றைத் தேர்ந்தது சொல்லின் பிறப்பிடம். அடிகள் தம் பழைய நூல்களைப் பின்வந்த பதிப்புகளில் தனித்தமிழாக்கித் திருத்தியபோது, எல்லா இடத்திலும் வாக்கியம் அழகு பெற்றது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் மூச்சு முட்டுகிறது. அவரோ காளிதாசனின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து பெயர்த்தவர், ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவலைத் தழுவி நாகநாட்டரசியை எழுதியவர், நாட்குறிப்பை ஆண்டுக்கணக்கில் ஆங்கிலத்தில் எழுதியவர். இதை இரட்டை வேடம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. எல்லா மொழியிலும் படிப்பதும், படித்ததைப் பற்றிச் சொந்தத் தமிழில் பேசுவதும் ஒன்றுக்கொன்று பகையில்லை. அவர் 1950-இல் மறைந்தபின், அவர் சேர்த்த நூல்களை வைத்து 1958-இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பட்டது. பல்லாவரத்துக்குத் தெற்கே மறைமலை நகர் என்று ஓர் ஊரும் எழுந்தது. திருவருட்பாப் பதிப்புகளில் அந்தப் பாட்டு இன்றும் ‘தேகம்’ என்றே அச்சாகிறது.