வால்பாறை வரலாறும் சான்று நாடும் நெறியும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவார் முதற்கண் எதிர்கொள்ளும் வினா, ‘இதனை நாம் எதனால் அறிந்தோம்?’ என்பதாகும். கல்வெட்டும் செப்பேடும் நிரம்பிய சோழநாட்டு ஊர்களுக்கு இவ்வினாவின் விடை ஓரளவு எளிது. கோவை மாவட்டத்தில் ஆனைமலைத் தொடரின்மீது, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அமைந்த வால்பாறைக்கோ அஃது அத்துணை எளிதன்று. காடர், முதுவர், மலசர் முதலிய பழங்குடியினர் வாழ்ந்த அம்மலைப்பரப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொட்டுக் காப்பித் தோட்டமாகவும் தேயிலைத் தோட்டமாகவும் மாறியது. அம்மாற்றத்தைக் குறித்த எழுத்துச் சான்றுகளிற் பெரும்பாலன அரசின் ஆவணங்களும் தோட்ட முதலாளிகளின் குறிப்புக்களுமே. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தில.

இன்று வால்பாறையைப் பற்றி அறிய விழையும் மாணாக்கர் நூலகத்திற்குச் செல்லுமுன் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தையே நாடுகின்றனர். ஊதியம் பெறாத தன்னார்வத் தொகுப்பாளர் பலர் கூடி எழுதுவதும், ஒருவர் எழுதியதைப் பிறர் திருத்துவதும், ஐயம் நேர்ந்துழி ஒருவரோடொருவர் உரையாடித் தெளிவதும் அக்களஞ்சியத்தின் இயல்பு. அவர்தம் சான்று நாடும் நெறி யாது, அது வால்பாறை போன்றதோர் ஊரின் வரலாற்றுக்கு எவ்வாறு துணைசெய்கிறது, எவ்விடத்தில் துணைசெய்யாது நின்றுவிடுகிறது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களஞ்சிய மரபும் திருத்தமும்

தமிழில் அகரவரிசைக் களஞ்சியம் காணும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902-இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. அதன் விரிந்த இரண்டாம் பதிப்பு ஆசிரியர் மறைவிற்குப் பின்னர் 1934-இல் வெளிப்பட்டது. ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த நூல்கள் இவை. பிழை காணப்படின் அடுத்த பதிப்புவரை காத்திருத்தலன்றி வேறு வழியில்லை.

பல அறிஞர் கூடி எழுதும் களஞ்சிய முறையைத் தமிழுக்குத் தந்த பெருமையில் கொங்கு நாட்டுக்குச் சிறப்பான பங்கு உண்டு. 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரும், அக்கழகத்தின் கலைக்களஞ்சியத்திற்கு முதன்மையாசிரியராய் விளங்கிய பெ. தூரனும் கொங்கு நாட்டினரே. அக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி இணைப்புத் தொகுதியாக 1968-இல் வெளிவந்தது. முன்னைத் தொகுதிகள் அச்சாகிய பின்னர்த் தோன்றிய செய்திகளைச் சேர்த்தற்கு ஒரு தனித் தொகுதியே வேண்டியிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அச்சு நூலில் திருத்தம் என்பது ஆண்டுக் கணக்கிற் காலம் கொள்ளும் பணியாம்.

பதிப்பாசிரியர் மரபிலும் இதுவே நிலை. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பின்னரும் ஏடு தேடுவதை நிறுத்தினாரல்லர். புதிய ஏடு கிடைக்குந்தோறும் பின்வந்த பதிப்புக்களில் தம் பதிப்பைத் தாமே திருத்தியமைத்தார். தாம் கொண்ட பாடத்திற்கு ஆதாரம் யாது எனக் காட்டுதலும், ஆதாரம் மாறின் தாம் கொண்டதை மாற்றுதலும் தமிழ்ப் புலமை உலகம் முன்னரே பயின்ற ஒழுக்கங்களாகும்.

2. தன்னார்வத் தொகுப்பாளரின் நெறி

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தோன்றியது. அதன் தொடக்கக் காலந்தொட்டுப் பெரும்பணி ஆற்றியவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன், 2015ஆம் ஆண்டிற்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது. 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபொழுது, கல்லூரி மாணவர்க்கென விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி ஒன்று நடத்தப்பெற்றது. 2017-இல் கட்டுரைகளின் தொகை ஓரிலட்சத்தைக் கடந்தது.

இக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே இரண்டு பக்கங்கள் உள. ஒன்று வரலாற்றுப் பக்கம்: எப்பயனர், எந்நாளில், எச்சொல்லை மாற்றினார் என்பது அதன்கண் அழியாது நிற்கும். மற்றொன்று உரையாடற் பக்கம்: கருத்து வேறுபட்டோர் தத்தம் காரணங்களைக் கையொப்பத்தோடும் நாளோடும் அங்கே எழுதுவர். கட்டுரை ஒன்றற்கு மட்டும் உரியதல்லாத பொதுச் செய்திகளைப் பேசும் இடத்திற்கு ‘ஆலமரத்தடி’ எனப் பெயரிட்டிருத்தல் நம் ஊர் மன்றங்களை நினைவூட்டும் பொருத்தமான பெயராட்சியாகும். கிரந்த எழுத்துக்களைக் கொள்வதா தள்ளுவதா என்பது போன்ற நெடிய விவாதங்களும் அவ்வுரையாடல்களில் நிகழ்ந்துள்ளன.

சான்று பற்றிய நெறிகளை மூன்றாகச் சுருக்கிக் கூறலாம். முதலாவது மெய்யறிதன்மை: எழுதப்பட்ட செய்தியை வாசகர் தாமே சென்று சரிபார்த்துக்கொள்ளுதற்கு வெளிவந்ததொரு சான்று இருத்தல் வேண்டும். இரண்டாவது, தொகுப்பாளர் தம் சொந்த ஆய்வு முடிபுகளைக் களஞ்சியத்தில் முதன்முதலாக வெளியிடலாகாது. மூன்றாவது நடுநிலை நோக்கு: அறிஞரிடையே கருத்து மாறுபாடு உளதாயின் ஒரு பக்கத்தையே கூறிவிடாமல் மாறுபாட்டையும் கூறுதல். சான்றில்லாத தொடரைக் கண்டால் உடனே நீக்கிவிடாது, ‘சான்று தேவை’ என்றாற்போலக் குறித்து வைத்துக் காத்திருத்தல் வழக்கம்.

3. வால்பாறைச் செய்திகள் சில

இந்நெறிகளின் பயனை வால்பாறை பற்றி வழங்கும் செய்திகள் சிலவற்றால் காண்போம்.

வால்பாறையை அடுத்த சோலையாறு அணை ‘ஆசியாவின் இரண்டாவது ஆழமான அணை’ என்னும் தொடர் சுற்றுலாக் குறிப்புக்களிலும் இணையப் பக்கங்களிலும் இடையறாது காணப்படுகிறது. எந்த அளவையின்படி இரண்டாவது, முதலாவது யாது, அளந்தவர் யாவர் என்பவற்றை அத்தொடரை எழுதுவோர் கூறுவதில்லை. அவ்வணை நிரம்பும் நீர்மட்டம் 160 அடி, அதாவது ஏறத்தாழ 49 மீட்டர், என்று நாளிதழ்களின் அணை நிலவரச் செய்திகள் குறிக்கின்றன. இடுக்கி அணையின் உயரம் ஏறத்தாழ 168 மீட்டர். பக்ரா அணையினது 226 மீட்டர். தெகிரி அணையினது 260 மீட்டர். தஜிகிஸ்தானத்து நூரெக் அணையினது 300 மீட்டர். அணையின் உயரம் வேறு, நீரின் ஆழம் வேறு என்பது உண்மையே. ஆயினும் இவ்வெண்களை ஒப்பநோக்குவார் அத்தொடரை ஐயுறாதிருத்தல் அரிது. மேலும், அவ்வாற்றிலேயே கேரளத்தின் எல்லைக்குள் மற்றொரு சோலையாறு அணையும் உளதாகலின், ஒன்றன் அளவை மற்றொன்றற்கு ஏற்றிக் கூறும் பிழைக்கும் இடமுண்டு.

இத்தகைய தொடர் எவ்வாறு நிலைபெறுகிறது என்பது சிந்தித்தற்குரியது. சான்றின்றி ஒருவர் களஞ்சியத்தில் எழுதிய செய்தியை ஓர் இதழாளர் எடுத்தாள்வர். பின்னர் வரும் தொகுப்பாளர் அவ்விதழையே அச்செய்திக்குச் சான்றாகக் காட்டுவர். இதனைச் சுழற்சான்று எனலாம். பத்து இடங்களில் ஒரு செய்தி காணப்படுதலால் அதற்குப் பத்துச் சான்றுகள் உள என்று கொள்ளுதல் தவறு. ஓர் ஏட்டினின்று படியெடுத்த பத்து ஏடுகள் ஒரே சான்றாகவே எண்ணப்படும் என்பதைப் பதிப்பியல் பயின்றார் நன்கறிவர். மூல ஏடு எது எனத் தேடுதலே இங்கும் செய்யத்தக்கது.

இரண்டாவது, பிரித்தானிய அரசர் ஏழாம் எட்வர்டு 1875-இல் ஆனைமலைக்கு வேட்டைக்கு வருவதாக இருந்தது என்றும், அதன்பொருட்டுப் பாதை அமைக்கப்பட்டது என்றும் வழங்கும் செய்தி. அவர் 1875-76-இல் இந்தியாவிற்கு வந்தது உண்மை. ஆயினும் அப்பொழுது அவர் இளவரசரே. அரியணை ஏறியது 1901-இல். ஆகவே ‘அரசர்’ என்னும் சொல்லைத் திருத்துதற்கு அகச்சான்றே போதும். பாதை அமைத்த செய்திக்கோ அக்காலத்து ஆவணம் வேண்டும். ஒரே தொடரில் ஒரு பகுதி உடனே திருத்தத்தக்கது. மற்றொரு பகுதி சான்று கிடைக்கும்வரை நிறுத்திவைக்கத்தக்கது. இவ்விரண்டையும் பிரித்துணர்தல் தொகுப்பாளர்க்கு இன்றியமையாத திறனாகும்.

மூன்றாவது, பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட உடன்படிக்கையின் ஆண்டு. 1958 என ஒருவரும் 1970 என மற்றொருவரும் எழுதின் ஒருவர் பிழைபட்டார் என எண்ணத் தோன்றும். தமிழ்நாடும் கேரளமும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டது 1970-இல். அது 1958 முதலே செயற்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது அதன்கண் உள்ள முறை. இருவர் கூற்றும் ஒவ்வொரு வகையால் உண்மையாதலின், இரண்டு ஆண்டுகளையும் விளக்கத்தோடு எழுதுதலே நடுநிலையாம்.

நான்காவது, மக்கள்தொகை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95 ஆயிரமாயிருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 2011-இல் ஏறத்தாழ 71 ஆயிரமாகக் குறைந்தது. ஆண்டு குறியாது எண்ணை மட்டும் எழுதினால் வாசகர் மயங்குவர். இரண்டையும் ஆண்டோடு எழுதினாலோ தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கியதொரு வரலாறே அவ்விரு எண்களிடையே புலப்படும்.

4. எழுதப்படாத வரலாறு

இதுகாறும் கூறியவற்றால் சான்று நாடும் நெறியின் நன்மை தெளிவாகும். இனி அதன் எல்லையைக் காண்போம்.

தோட்டம் அமைத்த முன்னோடிகளுள் ஒருவரான கார்வர் மார்சுக்கு வால்பாறை மலையில் சிலை உண்டு. அவரைப் பற்றி எழுதுவார்க்கு நூலும் குறிப்பும் கிடைக்கும். மேஸ்திரிமாரின் சொல்லை நம்பித் திருநெல்வேலிச் சீமை முதலிய வறண்ட பகுதிகளினின்று மலையேறி, மலைக்காய்ச்சலாலும் பசியாலும் மாண்ட தொழிலாளரைப் பற்றி எழுதுவார்க்கு எது கிடைக்கும்? அத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் தாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலாக 1969-இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். அது நாவலாதலின், அதன் நிகழ்ச்சிகளை அவ்வாறே வரலாற்றுச் செய்திகளாகக் களஞ்சியத்தில் எழுதுதல் முறையன்று. நாவலென்று கூறி முற்றும் தள்ளிவிடுதலும் முறையன்று. ‘அத்தோட்டங்களிற் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் தம் நாவலில் இவ்வாறு காட்டுகிறார்’ என உரியவர்மேல் வைத்துக் கூறுதலே சான்றின் தன்மையை மறையாத முறையாகும்.

பழங்குடியினர் வரலாறு இதனினும் அரிது. அவர்தம் இடப்பெயர் அறிவும் காட்டறிவும் வாய்மொழியாகவே வழங்கின. வெளிவந்த எழுத்தையே சான்றாகக் கொள்ளும் நெறி, எழுதாதார் வாழ்வைக் களஞ்சியத்திற்குப் புறத்தே நிறுத்திவிடுகிறது. இக்குறையை விக்கிப்பீடியாவினரே உணர்ந்துள்ளனர். 2011-இல் அச்சல் பிரபாலா என்பார் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் வாய்மொழியைப் பதிவுசெய்து, அப்பதிவுகளையே சான்றாகக் காட்டும் முயற்சி ஒன்றை மேற்கொண்டார். மலையாளம், இந்தி, செப்பேடி ஆகிய மொழிகளில் அம்முயற்சி நிகழ்ந்தது. தொகுப்பாளரே செவ்வி கண்டு அதனையே சான்றாகக் காட்டின் அது சொந்த ஆய்வாகிவிடாதோ என்னும் தடை அப்பொழுது எழுப்பப்பட்டது. தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. கேட்டவர் ஒருவரே, எழுதியவரும் அவரே எனின் சரிபார்ப்பார் யாவர்?

நம் கருத்தில், இவ்விடத்தில்தான் தமிழ்த்துறைகளின் கடமை தொடங்குகிறது. முதியவர் ஒருவரின் வாய்மொழியைப் பெயர், ஊர், நாள் ஆகியவற்றோடு, அவர் இசைவு பெற்றுப் பதிவுசெய்து, பிற சான்றுகளோடு ஒப்பிட்டு, அறிஞர் பார்வைக்கு உட்படுத்தி வெளியிடுதல் களஞ்சியத் தொகுப்பாளர் பணியன்று, ஆராய்ச்சியாளர் பணியாகும். அவ்வாறு வெளிவந்த பின்னர் அது மெய்யறிதற்குரிய சான்றாகிவிடும். தொகுப்பாளர் அதனைத் தயக்கமின்றி எடுத்தாளலாம். ஆகவே ‘சான்று தேவை’ என்று வால்பாறைக் கட்டுரையில் இடப்படும் ஒவ்வொரு குறியும் அதனை எழுதியவரை மட்டும் வினவுவதன்று. அச்சான்றை இதுகாறும் தேடித் தாராத நம்மையும் வினவுவதாகும்.

முடிவுரை

ஆனைமலைத் தோட்டங்களின் பழைய நாளை அறிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பிழையான அணைக்கணக்கைப் பத்தாண்டு கழித்தும் திருத்தலாம். கேளாது விட்ட வாய்மொழியைப் பின்னர்க் கேட்டல் இயலாது. முதுகலை மாணாக்கர் தம் ஆய்வேட்டிற்குப் பொருள் தேடுங்கால், களஞ்சியத்தின் உரையாடற் பக்கங்களில் விடையின்றி நிற்கும் வினாக்களை ஒருமுறை நோக்குவாராக. ஆய்வு முடிந்தபின் அதனை வெளியிட்டு, வெளியிட்டதைக் காட்டித் தொகுப்பாளர் எழுதிய பிழையையும் திருத்துவாராக. தூரன் காலத்தில் இணைப்புத் தொகுதிக்குக் காத்திருந்த திருத்தம் இன்று அன்றே நிகழக்கூடியது. அதற்கு வேண்டுவதாகிய சான்றைத் தேடும் உழைப்பு மட்டும் அன்றுபோலவே இன்றும் நம்மிடம் நிற்கிறது.