எட்டுக் கோடி சிப்பியும் ஒரு கைப்பிடி சந்தேகமும்

முத்து எப்படி உண்டாகுது? சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்து என்பாங்க எங்க ஆச்சி. ரோமாபுரி பிளினி பனித்துளி என்று எழுதினார். 1902-ல் இலங்கைக்கு வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், நல்ல முத்துக்கு நாடாப்புழுவின் இளம்பருவமே காரணம் என்றார். மூணு பதிலும் நிற்கவில்லை.

ஆனா தூத்துக்குடியிலும் எதிர்க்கரையான இலங்கையிலும் முத்துக்குளிப்பு நடத்தியவர்களுக்கு இந்தப் பதில் அவசரமாகத் தேவைப்படவில்லை. அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் பார்களை (கடலடியில் சிப்பி படியும் பாறைத் திட்டுகள்) சோதிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்கு விலை போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்ற கணக்கு கட்டுபடியானால்தான் அறிவிப்பு. இல்லைன்னா அந்த வருஷம் படகு இறங்காது. போன வருஷம் நிறைஞ்சிருந்த பார் இந்த வருஷம் வெறும் மணலாக இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இலங்கைப் பக்கம் 1891-க்குப் பிறகு பல வருஷம் ஒண்ணுமே இல்லை. பிறகு 1903, 1904, 1905 என்று தொடர்ந்து நல்ல அறுவடை. 1905-ல் மட்டும் சுமார் 8 கோடி சிப்பி. அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய். ஹெர்ட்மனின் ஆய்வறிக்கையும் தொகுதி தொகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது. விஞ்ஞானம் வந்தாச்சு, இனி என்ன கவலை? 1906-ல் லண்டன் கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு, 20 வருஷக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்கள் காலி. அங்கே அடுத்த முத்துக்குளிப்பு 1925-ல்தான். கம்பெனி அதுவரை தாங்கவில்லை.

இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்தது. முன்பு ஒரு வேலையில், தொடர்ந்து மூணு ரிலீஸ் பிரச்சினையில்லாமல் போச்சுன்னு நாலாவதுக்கு டெஸ்ட்டைக் குறைச்சேன். அன்னைக்கு ராத்திரி தூங்கலை.

சந்தேகம்னா கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று நினைக்கிறோம். அப்படி உட்கார்ந்திருந்தால் யாருமே மூச்சடக்கி முங்கியிருக்க மாட்டாங்க. சோதனை போட்டவர்களும் படகை இறக்கத்தான் செய்தார்கள். ஆனா அவங்க நம்பிக்கைக்கு ஒரு காலாவதித் தேதி இருந்தது: இந்த சீசனுக்கு மட்டும். கம்பெனியிடமும் நம்பிக்கை இருந்தது, தேதிதான் 20 வருஷம் தள்ளி இருந்தது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961. அதன்பின் 1973-ல், பக்கத்திலுள்ள வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சுவாமி உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். ஒரு சிறு மணி, கூடவே இன்னொரு சிப்பியின் மேலுறைத் துணுக்கு. உள்ளே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மழையும் இல்லை, புழுவும் இல்லை.

அங்கேயும் ஒவ்வொரு சிப்பியும் முத்து தருவதில்லை. திறந்துதான் பார்க்கணும்.