இராயபுரத்து மருத்துவக் கல்வியும் இயற்பியலும்

சென்னையின் வடபகுதியில், இராயபுரத்தின் பழைய சிறைச்சாலை சாலையில் அமைந்துள்ளது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. துறைமுகத் தொழிலாளர், மீனவர், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளர் எனப் பலதரப்பட்ட மக்கள் நாடி வரும் அரசு மருத்துவமனை இதனுடன் இணைந்தது. இங்கு மருத்துவம் பயின்றவர்களின் பாதையில் இயற்பியல் எந்த இடத்தில் நின்றது, அந்த இடம் எவ்வாறு மாறியது என்பது தமிழ்நாட்டு மருத்துவக் கல்வி வரலாற்றின் ஒரு முக்கியக் கூறாகும்.

கஞ்சித்தொட்டி முதல் கல்லூரி வரை

ஐதர் அலியுடன் நடந்த போரின்போது சென்னையைச் சூழ்ந்த பஞ்சத்தில், 1782ஆம் ஆண்டளவில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. அதை ஒட்டி வளர்ந்த மருத்துவமனையை வட சென்னை மக்கள் நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராயபுரம் மருத்துவப் பள்ளி இங்கு இயங்கியது. இதில் தேறியவர்கள் எல்.எம்.பி. என்னும் உரிமப் பட்டயம் பெற்றனர். சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் 1934இல் பள்ளிக்குச் சூட்டப்பட்டது. 1938இல் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது.

பள்ளி கல்லூரியானது பெயர் மாற்றம் மட்டுமன்று. அமெரிக்க மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து ஆபிரகாம் பிளெக்ஸ்னர் 1910இல் வெளியிட்ட அறிக்கை, வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகியவற்றில் அடித்தளம் இல்லாதவரை மருத்துவக் கல்விக்குச் சேர்க்கக் கூடாது என வலியுறுத்தியது. இந்தியாவிலும் 1933இல் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் நிறைவேறி, பட்டப்படிப்பின் தரத்தை முறைப்படுத்தும் பணி தொடங்கியது. நாடு முழுவதும் ஒரே தரமுள்ள மருத்துவப் பட்டம் வேண்டும் என 1946இல் போர் குழு பரிந்துரைத்தபின், எல்.எம்.பி. படிப்பு படிப்படியாக மறைந்தது. அடிப்படை அறிவியல் கற்றவரே மருத்துவராக முடியும் என்பது பொதுவிதியாயிற்று.

மருத்துவர் வளர்த்த இயற்பியல்

இயற்பியலை மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்த பாடமாகக் கருதுவோர் பலர். வரலாறு வேறு விதமாக உள்ளது. கலிலியோ 1581இல் பைசா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது மருத்துவம் பயிலத்தான். ஒளியின் குறுக்கீட்டு விளைவை விளக்கிய தாமஸ் யங் ஒரு மருத்துவர். குழாயில் நீர்மம் ஓடும் விதியைக் கண்ட புவாசேய், இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த மருத்துவரே. கப்பல் மருத்துவராக 1840இல் சாவகத்தீவுக்குச் சென்ற இராபர்ட் மேயர், அங்கு மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவந்திருப்பதைக் கண்டார். வெப்பநாட்டில் உடல் குறைவாகவே எரிபொருளைச் செலவிடுகிறது என்று ஊகித்து, அங்கிருந்து ஆற்றல் அழிவின்மைக் கருத்தை அடைந்தார். அதே கருத்தை 1847இல் விரிவாக நிறுவிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் படை மருத்துவராக இருந்தவர். கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை 1851இல் அமைத்தவரும் அவரே.

நோயாளியின் படுக்கையருகே

மருத்துவ மாணவர் முதலாண்டில் கற்கும் உடலியங்கியலில் இயற்பியல் பெயர் சொல்லாமல் நிறைந்திருக்கிறது. இரத்த அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது, ஏறத்தாழ 163 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி கொண்டிருப்பதால்தான் கருவியைச் சிறிதாக அமைக்க முடிந்தது. புவாசேய் விதிப்படி, குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை 16 மடங்காகும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சற்றுச் சுருங்கினாலும் நோயாளி பெரிதும் திணறுவது ஏன் என்பதை இவ்விதி விளக்கும். அதிர்ச்சியில் கிடப்பவருக்குக் குட்டையான, பருத்த ஊசிக்குழலைப் பொருத்தி நீர்மம் ஏற்றுவதற்கும் இதுவே காரணம்.

வட சென்னையின் தொழில்சார் வாழ்க்கை இப்பாடத்துக்கு மேலும் பொருள் தருகிறது. ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்தது. இயந்திரத்தில் சிக்கி நசுங்கும் கைகள் தொழிற்பகுதிகளுக்குப் புதியவை அல்ல. விரலை மடக்கும் தசைநாண், எலும்போடு ஒட்டிய நார்வளையங்களின் ஊடே செல்கிறது. மருத்துவர் அவற்றைக் 'கப்பி' என்றே குறிப்பிடுவர். அவ்வளையம் அறுந்தால் தசைநாண் வில்லின் நாண்போல எலும்பை விட்டு விலகி நிற்கும். தசை முழுவதும் இழுத்தாலும் விரல் முழுவதும் மடங்காது. துறைமுகப் பாரந்தூக்கியில் கயிறு கப்பியை விட்டு நழுவினால் சுமை ஏறாதது போன்றதே இது. எந்த வளையத்தைக் காக்க வேண்டும், எதைத் திரும்ப அமைக்க வேண்டும் என்னும் முடிவில் நெம்புகோல், திருப்புத்திறன் பற்றிய அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. ஒரு தொழிலாளி மீண்டும் வேலைக்குத் திரும்புவது அதைப் பொறுத்ததாகும்.

உள்ளிருந்து வாசலுக்கு

விடுதலைக்குப் பின்னரும் சில ஆண்டுகள், இரண்டாண்டு இன்டர்மீடியட் படிப்பில் இயற்பியல் கற்றவர் மருத்துவத்தில் சேர்ந்தனர். பின்னர் புகுமுக வகுப்பு எனப்பட்ட பி.யு.சி. வந்தது. அதையடுத்து, மருத்துவத்துக்குத் தேர்வானவர் இயற்பியல், வேதியியல், உயிரியல் கற்கும் முன்தொழிற் படிப்பு ஓராண்டு நடந்தது. தேர்வு பெற்ற பிறகும் இயற்பியலைக் கற்க ஓராண்டு கிடைத்தது என்பது இம்முறையின் சிறப்பு.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கி, 1980இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. அதன்பின் இயற்பியல் முழுவதும் பள்ளியின் பொறுப்பாயிற்று. 1984இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. கிராமப்புற, ஏழை மாணவருக்கு அது தடையாகிறது என்னும் வாதத்தின் பேரில் கைவிடப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படையானது. 2017 முதல் நீட் தேர்வு கட்டாயமாயிற்று. 720 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 180. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 கழிக்கப்படும். விரைவாகக் கணக்கிடும் பயிற்சி இதில் பெரிதும் கைகொடுக்கும். அப்பயிற்சி, பணம் செலவழித்துப் பயிற்சி மையம் செல்ல முடிந்தவர்களுக்கே எளிதில் வாய்த்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டதற்கு இந்நிலையே காரணம்.

இன்றைய எம்.பி.பி.எஸ். படிப்பில் இயற்பியலுக்கெனத் தனித்தாள் இல்லை. யார் மருத்துவராகலாம் என்று பிரிக்கும் வாசலில் அது நிற்கிறது. வாசலைக் கடந்தவருக்கு அதை நிதானமாகக் கற்பிக்கும் வகுப்பு இல்லை. உள் ஒதுக்கீட்டில் சேரும் முதல் தலைமுறை மாணவர், இரத்த ஓட்டத்தையும் மூச்சையும் பற்றிய பாடங்களில் அழுத்தம், பாய்வு, பரப்பு இழுவிசை ஆகிய கருத்துகளைத் தம் முயற்சியாலேயே மீட்டெடுக்க வேண்டியுள்ளது. பழைய முன்தொழிற் படிப்பு அளித்த ஓராண்டின் தேவை, அது நின்றபின்தான் தெளிவாகத் தெரிகிறது.